வில்லன் என்ற உழவன்

'வில்லன்' என்னும் சொல்லை அறியாத தமிழர் இன்று அரியர். நாடக மேடையும் திரைப்படமும் அச்சொல்லை நம்முடைய பட்டிதொட்டிகளுக்கெல்லாம் கொண்டு சென்றுவிட்டன. கதாநாயகனுக்கு இடர் விளைப்பவன், பிறர் பொருளை வஞ்சித்துக் கவர்பவன், ஈற்றில் அடிபட்டு வீழ்பவன் என்றே நாம் அவனை அறிவோம். ஆங்கிலேயரும் அச்சொல்லை இன்று ஏறத்தாழ அப்பொருளிலேயே வழங்குகின்றனர். ஆனால், அச்சொல்லின் பழைய வடிவம் இங்கிலாந்திற் புகுந்த காலத்தில் அது குறித்த மனிதன் வேறொருவன். பிரபுவின் நிலத்தை உழுது, விதைத்து, அறுத்துக் கொடுத்த குடியானவனே அவன். ஊருக்குச் சோறிட்டவனின் பெயர் கொடியவனின் பெயராக மாறியது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண முயலும்போது ஒரு சொல்லின் கதையுடன் ஒரு சமுதாயத்தின் கதையும் நமக்குப் புலனாகின்றது.

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் அடிக்கடி கூறும் முறைப்பாடு ஒன்றுண்டு. மிக எளிய சொற்களே அம்மொழியில் மிக்க தொல்லை தருவன என்பதே அது. 'ஸ்ட்ரைக்' என்றால் அடித்தல். தீக்குச்சியை உரசுவதும் அதுவே. மணி அடிப்பதும் அதுவே. நாணயம் பொறிப்பதும், பேரம் முடிப்பதும், கப்பலின் பாயை இறக்குவதும், வேலைநிறுத்தம் செய்வதும் அதுவே. 'கொமன்' என்றால் பொதுவானது. இழிவானது என்பதும் அதற்குப் பொருள். ஊர்ப் பொதுநிலத்துக்கும் அதுவே பெயர். 'ஹேண்ட்' என்பது கை, கடிகாரத்தின் முள்ளும் அதுவே, தொழிலாளியும் அதுவே. இவற்றை நெட்டுருச் செய்வதன்றி வேறு வழியில்லை என்று ஆசிரியரும் கூறிவிடுகின்றனர்.

ஒரு சொல் பல பொருள் பெறுவது எல்லா மொழிக்கும் இயல்பே. தமிழில் 'அடி' என்னும் சொல் பாதத்தையும், மரத்தின் கீழ்ப்பகுதியையும், செய்யுளின் உறுப்பையும், நீட்டலளவையையும், தண்டனையையும் குறிக்கவில்லையா? ஒப்புமை பற்றிப் பொருள் விரிதல் மொழியின் பொது நியதி. ஆயினும், ஒப்புமையைக் கொண்டு மாத்திரம் விளக்க முடியாத பொருள்மாற்றங்களும் உள. ஆண்டானும் அடிமையும், நிலக்கிழானும் குடியானவனும், முதலாளியும் தொழிலாளியும் எதிரெதிர் நின்றதன் தழும்புகள் அவற்றில் உள்ளன. அத்தகைய சொற்கள் சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

1066ஆம் ஆண்டில் நோர்மண்டிக் கோமகன் வில்லியம், ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தின் அரசனானான். அதன்பின் நெடுங்காலம் அரசவையிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் பிரெஞ்சு மொழி வழங்கிற்று. வயலிலும் தொழுவத்திலும் ஆங்கிலம் வழங்கிற்று. இப்பிளவின் சுவட்டை இன்றும் ஆங்கிலேயரின் உணவு மேசையிற் காணலாம். தொழுவத்தில் நிற்கும் மாடும் செம்மறியும் பன்றியும் 'கௌ', 'ஷீப்', 'பிக்' என ஆங்கிலப் பெயர்களைத் தாங்கியுள்ளன. அவையே இறைச்சியாகி மேசைக்கு வரும்போது 'பீஃப்', 'மட்டன்', 'போர்க்' எனப் பிரெஞ்சுப் பெயர் பூணுகின்றன. 1819ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'ஐவன்ஹோ' என்னும் நாவலில் வோல்ட்டர் ஸ்கொட் இவ்வேறுபாட்டை ஒரு பன்றி மேய்ப்பனும் ஒரு விகடகவியும் பேசிக்கொள்ளும் காட்சியில் எடுத்துக் காட்டினார். இப்பாகுபாடு ஒரே நாளில் அமைந்ததன்று என்றும், பல நூற்றாண்டுகளாகப் பிரெஞ்சுப் பெயர்கள் உயிருள்ள விலங்குகளையும் குறித்து வந்தன என்றும் ஆய்வாளர் திருத்தம் கூறுவர். அத்திருத்தத்தை நாம் ஏற்க வேண்டும். ஆயினும், ஈற்றில் எவர் மொழி தொழுவத்தில் எஞ்சியது, எவர் மொழி மேசைக்கு ஏறியது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இனி, வில்லனிடம் வருவோம். வில்லியத்தின் கட்டளைப்படி 1086ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நிலங்கள் அளந்து பதியப்பட்டன. 'டூம்ஸ்டே' என வழங்கும் அப்பதிவேடு இலத்தீன் மொழியில் எழுதப்பட்டது. அதில் 'வில்லானஸ்' என்றொரு சொல் மீண்டும் மீண்டும் வருகின்றது. 'வில்லா' என்பது பண்ணை; அதனைச் சார்ந்து வாழ்பவன் 'வில்லானஸ்'. பதிவேட்டில் கணக்கிடப்பட்டோருள் ஏறக்குறைய ஐந்தில் இருவர் இவ்வகுப்பினர். பன்னிரண்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் சட்டம் இவர்களைச் சுதந்திரமற்ற குடிகளாக வரையறுத்துவிட்டது. பிரபுவின் அனுமதியின்றி இவர்கள் பண்ணையை விட்டு நீங்கலாகாது. வாரத்திற் சில நாட்கள் பிரபுவின் நிலத்திற் கூலியின்றி உழைக்க வேண்டும். மகளுக்கு மணஞ்செய்து வைக்கவும் பிரபுவுக்கு இறை கொடுக்க வேண்டும். குடியானவன் இறந்தால் அவனுடைய மாடுகளுள் சிறந்ததைப் பிரபு எடுத்துக்கொள்வான்.

இத்தகைய வாழ்வில் அழுந்தியவனை மாளிகையில் இருந்தவர் எக்கண் கொண்டு நோக்கினர் என்பதைச் சொல்லின் வளர்ச்சியே காட்டுகின்றது. முதலில் பண்ணைக் குடியானவன், அடுத்து நாகரிகம் அறியாதவன், பின்னர் இழிந்த மனமுடையவன், அதன்பின் குற்றவாளி, ஈற்றில் நாடகத்தின் கொடியவன். பிற்காலத்தவர் எழுத்தைச் சிறிது வேறுபடுத்தி, பழைய குடியானவனுக்கு ஒரு வடிவத்தையும் கொடியவனுக்கு மற்றொரு வடிவத்தையும் ஒதுக்கினர். பண்ணையடிமை முறை இங்கிலாந்தில் மறைந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றது. வசை மாத்திரம் மறையவில்லை.

இது தனித்து நிகழ்ந்த மாற்றமாயின் தற்செயல் என்று விட்டுவிடலாம். இதனை ஒத்த சொற்கள் பல உள. பழைய ஆங்கிலத்தில் 'சேர்ள்' என்னும் சொல்லின் மூலம், பட்டம் பதவியற்ற சாதாரண சுதந்திரக் குடிமகனைக் குறித்தது. இன்று அதன் பொருள் பண்பற்ற முரடன். 'பூர்' என ஒலிக்கும் சொல் உழவனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அதுவும் இன்று பண்பற்றவன் என்றே பொருள்படும். 'லூட்' என்றால் இன்று ஆபாசமானது. முற்காலத்தில் அது குருமார் அல்லாத பொதுமக்களையும், பின்னர் எழுத்தறியாதவரையும் குறித்தது. 'மீன்' என ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு முதற்பொருள் பலருக்கும் பொதுவானது என்பதே. அது தாழ்ந்தது என மாறி, இன்று கஞ்சத்தனத்தையும் கீழ்மைக் குணத்தையும் குறிக்கின்றது. 'வல்கர்' என்பது மக்கள் கூட்டத்தைச் சுட்டும் இலத்தீன் சொல்லிற் பிறந்து அருவருப்பானது என்னும் பொருளை அடைந்தது.

இதன் மறுபுறத்தையும் நோக்குவோம். 'ஜென்டில்' என்பது முதலில் நற்குடியிற் பிறந்தவன். இன்று மென்மையும் கனிவும் உடையவன். 'நோபிள்' என்பது பிரபு. இன்று உயர்ந்த உள்ளத்தவனும் அதுவே. 'ஜெனரஸ்' என்பது உயர்குடிப் பிறப்பினன், இன்று வள்ளல். 'ஃபிராங்க்' என்பது கோல் நாட்டை வென்று ஆண்ட இனத்தின் பெயர். வென்றவனே சுதந்திரமுடையவன் ஆதலால் அது சுதந்திரத்தையும், பின்னர் ஒளிவுமறைவற்ற பேச்சையும் குறித்தது. செல்வருக்கு இட்ட பெயர்கள் குணத்தின் பெயர்களாயின. ஏழைக்கு இட்ட பெயர்கள் குற்றத்தின் பெயர்களாயின. முற்போக்கு அணியைச் சாராத சி. எஸ். லூயிஸ் என்னும் அறிஞரும் சொற்களைப் பற்றி 1960இல் வெளியிட்ட நூலில், தகுதிநிலையைக் குறித்த சொற்கள் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொற்களாக மாறும் இப்போக்கினைத் தனியே எடுத்துப் பேசியுள்ளார்.

இரு சொற்களின் வரலாறு இதனை ஐயமற நிறுவும். பழைய ஆங்கிலத்தில் 'க்னிஹ்ட்' என்றும் 'க்னாஃபா' என்றும் இரு சொற்கள் இருந்தன. இரண்டுக்கும் பொருள் பையன். ஏவல் செய்யும் பையன் என்பதும் இரண்டுக்கும் பொருந்தும். முதலாவது சொல்லுக்கு உரியவன் அரசனுக்கும் பிரபுவுக்கும் குதிரையேறிப் போர்ப்பணி செய்தான்; அவன் 'நைட்' ஆனான்; இன்றும் அரசர் வழங்கும் 'சேர்' பட்டத்துக்கு உரியவன் அவனே. மற்றவன் அடுக்களையிலும் குதிரை லாயத்திலும் ஏவல் செய்தான். அவன் 'நேவ்' ஆனான். அதற்கு இன்று அயோக்கியன் என்று பொருள். ஒரே பொருளில் தோன்றிய சொற்களுள் ஒன்று பட்டமாகவும் மற்றொன்று வசையாகவும் முடிந்தமைக்கு அவ்வப் பையன்கள் செய்த பணியும் பெற்ற இடமுமே காரணம்.

'லோர்ட்', 'லேடி' என்னும் மதிப்புச் சொற்களும் தம்முள் ஓர் உண்மையை மறைத்து வைத்துள்ளன. முன்னது 'அப்பம் காப்பவன்' என்னும் தொடரின் சிதைவு. பின்னது 'அப்பமாவு பிசைபவள்' என்னும் தொடரின் சிதைவு. அக்காலத்து ஏவலாளனுக்கு 'அப்பம் உண்பவன்' என்றொரு பெயரும் இருந்தது. உணவு எவன் கையில் இருந்ததோ அவனே தலைவன் என்பதைப் பழைய மொழி நேராகவே கூறிற்று. பிற்காலம் அதனை மறந்துவிட்டது.

இழித்துரைக்கப்பட்ட மக்கள் வாளாவிருந்தனர் என்று கருதலாகாது. 1381இல் இங்கிலாந்தின் குடியானவர் கிளர்ந்தெழுந்து இலண்டனுக்குட் புகுந்தனர். ஜோன் போல் என்னும் ஏழைக் குருவானவர், படைப்பின் தொடக்கத்தில் உழைப்பு இருந்தது, மேற்குடி இருந்ததில்லை என்னும் கருத்தினை அவர்களுக்குப் போதித்தார். பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும் என்பது அவர்களின் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று. இளம் அரசன் இரண்டாம் ரிச்சர்ட் வாக்களித்தான். ஆபத்து நீங்கியதும் வாக்கினை மீட்டுக்கொண்டான். கிளர்ச்சித் தலைவன் வொட் டைலர் கொல்லப்பட்டான். ஜோன் போல் தூக்கிலிடப்பட்டார். 'ஜென்டில்' என்னும் சொல்லுக்குக் கனிவு என்னும் பொருளைத் தந்த வகுப்பினர் அன்று குடியானவரிடம் காட்டிய கனிவு இதுவே.

நிலமானிய முறை தேய்ந்து முதலாளித்துவம் வளர்ந்தபோது வேறு சொற்கள் களத்திற் புகுந்தன. 'கொமன்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஊரவர் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் உரிமை பெற்றிருந்த பொதுநிலம் 'கொமன்'. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களைப் பாராளுமன்றம் இயற்றி, ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கரை, அதாவது இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நிலத்தை, வேலியிட்டுத் தனியுடைமையாக்கிற்று. இச்சட்டங்களை நிறைவேற்றிய அவைகளுள் ஒன்றின் பெயரும் 'கொமன்ஸ்' சபையே. பொதுமக்களின் பெயரைத் தாங்கிய சபை பொதுமக்களின் நிலத்தைப் பறிக்க உடன்பட்டது. அக்காலத்தில் அச்சபை உறுப்பினரைத் தெரிவு செய்யும் வாக்குரிமை நிலமும் பொருளும் உடையவர்க்கே பெரிதும் உரியதாயிருந்தது என்பதை நினைவிற் கொண்டால் வியப்பு நீங்கும். பொதுவானது என்னும் சொல்லுக்கு மலிவானது, இழிவானது என்னும் பொருளும் அம்மொழியில் ஊன்றிவிட்டது.

நிலமிழந்தோர் பலர் ஆலைகளுக்குச் சென்றனர். அங்கே அவர்களுக்கு இட்ட பெயர் 'ஹேண்ட்ஸ்', அதாவது கைகள். 1854இல் வெளிவந்த 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் சார்ள்ஸ் டிக்கன்ஸ் இப்பெயரை எள்ளி நகையாடினார். தொழிலாளருக்குக் கைகள் தவிர வேறெதுவும் இல்லாதிருந்தால் முதலாளிகள் இன்னும் மகிழ்ந்திருப்பர் என்னும் கருத்து அங்கே தொனிக்கின்றது. கூலி வாங்குபவனிடம் கைகளை மாத்திரம் கண்டு, வயிற்றையும் மனத்தையும் காணாத கணக்குப் புத்தகத்தின் மொழி அது. இம்மொழி நமக்குப் புதியதன்று. பிரித்தானியத் துரைமார் நடத்திய நம் மலையகத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு உரிய பதிவு 'பேர்' எனப்பட்டது. குறித்த அளவு கொழுந்து பறியாதவருக்கு 'அரைப்பேர்' போடப்பட்டது. அங்கே மனிதன் கையாகச் சுருங்கினான். இங்கே அவனுடைய பெயரே பாதியாக வெட்டப்பட்டது.

இதுவரை கூறியவை ஆள்வோர் மொழியில் இட்ட முத்திரைகள். உழைப்போரும் அம்மொழியில் தம் முத்திரையை இட்டுள்ளனர். 1768ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் கப்பற்றொழிலாளர் கூலி உயர்வு கோரினர். கப்பல்கள் தேம்ஸ் நதியை விட்டு நகராவண்ணம் அவற்றின் பாய்களை இறக்கிவிட்டனர். பாயை இறக்குதலுக்குக் கப்பற்காரர் மொழியில் 'ஸ்ட்ரைக்' என்று பெயர். உழைக்க மறுக்கும் செயல் முழுவதற்கும் அச்சொல் அன்று முதல் பெயராயிற்று. கடலில் பாயையோ கொடியையோ இறக்குதல் பணிவின் அடையாளம். தொழிலாளர் கையில் அதுவே பணியாமையின் அடையாளமாயிற்று. 1799இலும் 1800இலும் இயற்றிய சட்டங்களால் தொழிலாளர் ஒன்றுகூடுவதே குற்றமாக்கப்பட்டது. 1824இல் அச்சட்டங்கள் நீக்கப்படும் வரை அச்செயல் குற்றமாகவே இருந்தது. ஆயினும் அச்சொல் அழியவில்லை. மாணவன் நெட்டுருச் செய்யும் 'ஸ்ட்ரைக்' என்னும் சொல்லின் பொருள்களுள் ஒன்று இவ்வாறு மனிதர் தம் பட்டினியைப் பணயம் வைத்துப் பெற்றது.

எல்லாப் போராட்டச் சொற்களுக்கும் இந்நல்லூழ் வாய்க்கவில்லை. 1811இல் நொட்டிங்ஹாம் பகுதியிற் காலுறை நெசவாளர், நெட் லட் என்னும் கற்பனைத் தலைவனின் பெயரால் இயந்திரங்களை உடைத்தனர். கண்ணிற்பட்ட இயந்திரங்களையெல்லாம் அவர்கள் உடைத்தார்களல்லர். கூலியைக் குறைத்தவர், தரங்குறைந்த துணியை நெய்வித்தவர் ஆகியோரின் இயந்திரங்களையே பெரும்பாலும் தேர்ந்து உடைத்தனர். 1812இல் இயந்திரம் உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. கவிஞர் பைரன் அவ்வாண்டு பெப்ரவரி 27ஆம் நாள் பிரபுக்கள் சபையில் ஆற்றிய தம் முதலுரையில் அதனைக் கண்டித்தார். 1813 ஜனவரியில் யோர்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டனர். இன்று 'லடைற்' என்றால் புதுமைக்கு அஞ்சும் மூடன் என்றே பொருள் கொள்கின்றனர். தோற்றவனின் பெயர் வென்றவனின் அகராதியில் எழுதப்படும் முறை இது. இம்மக்களை அவ்வசையிலிருந்து மீட்பதற்கு இ. பி. தொம்சன் 1963இல் ஆங்கிலத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கம் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுத வேண்டியிருந்தது.

அயர்லாந்திற் கதை வேறாக முடிந்தது. 1880இல் மாயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் காணிகளுக்கு முகவராயிருந்தவர் கப்டன் சார்ள்ஸ் பொய்கொட். விளைவு குன்றிய காலத்தில் குடியானவர் கேட்ட வாரக் குறைப்பை மறுத்து, அவர்களைக் காணிகளிலிருந்து வெளியேற்றவும் முற்பட்டார். ஊரவர் அவரைத் தீண்டவில்லை. அவருடன் எவ்விதத் தொடர்பும் கொள்ளாது விட்டனர். வயலில் வேலை செய்வாரில்லை. கடையிற் பொருள் கொடுப்பாரில்லை. கடிதம் கொண்டு செல்வாரில்லை. அவருடைய விளைச்சலை அறுப்பதற்கு வடக்கிலிருந்து ஐம்பது தொண்டர் வந்தனர். அவர்களைக் காக்க ஏறத்தாழ ஆயிரம் படையினரும் பொலிசாரும் வந்தனர். சுமார் 500 பவுண் பெறுமதியான விளைச்சலை அறுக்க 10,000 பவுண் செலவாயிற்று என்பர். அந்த முகவரின் பெயரே 'பொய்கொட்' என்னும் வினைச்சொல்லாகி, சில மாதங்களுள் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் புகுந்தது. நாம் 'பகிஷ்கரிப்பு' என்று வழங்குவது இதனையே. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயராச்சியம் தரவில்லையென்று சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தபோது, வடக்கின் நான்கு தொகுதிகளில் எவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. ஏழை ஐரிஷ் குடியானவர் வடித்த ஆயுதம் ஐம்பத்தோராண்டிற்குப் பின் நம் மண்ணிலும் பயன்பட்டது.

ஆங்கிலேயரின் சொற்களில் உள்ள வர்க்கச் செருக்கினைக் கண்டு நாம் பெருமிதங் கொள்வதற்கில்லை. அம்மொழியில் இன்று உலகமெங்கும் வழங்கும் வசைச்சொல் ஒன்று நம்மிடமிருந்து சென்றதாகும். 'பரையா' என்பதே அது. பறை என்னும் இசைக்கருவியின் பெயரோடு தொடர்புடைய ஒரு மக்கட் பிரிவின் பெயரை ஐரோப்பியர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தம் நூல்களிற் குறித்தனர். பின்னர் இந்தியாவில் ஒடுக்கப்பட்டோர் அனைவருக்கும் அதனை ஏற்றினர். தெருநாய்க்கும் அதனை அடைமொழியாக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது சமுதாயத்தால் விலக்கப்பட்டவன் எவனையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. பிற நாடுகள் ஒதுக்கிவைத்த நாட்டை இன்று ஆங்கிலப் பத்திரிகைகள் 'பரையா' நாடு என எழுதுகின்றன. எழுதுவோருள் எத்தனை பேர் அது உயிர்வாழும் மக்களின் பெயர் என்பதை எண்ணுகின்றனர்?

அவர்களை மாத்திரம் குறை கூறிப் பயனில்லை. உழைக்கும் மக்களின் பெயரை வசையாக்கும் வழக்கத்தை அவர்கள் நம் ஊர்களிற் கேட்டே கற்றனர். 'வில்லானஸ்' வில்லனானதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் 'பறைதல்' என்பதற்குப் பேசுதல் என்று பொருள். செய்தியைச் சொல்லிய கருவி பறை. அதனை முழக்கியவர் ஊருக்கு வாயாக நின்றவர். அவர்களைத் தீண்டத்தகாதவர் என விலக்கிய சமுதாயம் தன் வாயையே விலக்கியதாகும். 1960களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்தாளர் உழைக்கும் மக்களின் பேச்சுமொழியைக் கதைகளிற் கையாண்டபோது மரபுவாதிகள் சிலர் அதனை 'இழிசனர் வழக்கு' என்று இகழ்ந்ததும் இதே மனப்பான்மையின் வெளிப்பாடு. 'வல்கர்' என்னும் இலத்தீன் வழிச் சொல்லுக்கு நேரான தமிழை அவர்கள் அகராதியின் துணையின்றியே கண்டுபிடித்துவிட்டனர்.

எனினும், வசையாக்கப்பட்ட சொல் வசையாகவே இருக்க வேண்டும் என்னும் நியதி இல்லை. 1906இல் ஆங்கில நாளிதழ் ஒன்று வாக்குரிமை கோரிய பெண்களை இழித்துரைக்க 'சஃப்ரஜெட்' என்னும் சொல்லைப் புனைந்தது. அப்பெண்கள் அச்சொல்லைத் தமதாக்கிக்கொண்டனர். 1912இல் தம் பத்திரிகைக்கே அப்பெயரைச் சூட்டினர். 1918இல் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுட் பெரும்பாலோரும், 1928இல் ஆண்களுக்கு நிகராக எல்லாப் பெண்களும் வாக்குரிமை பெற்றனர். இன்று அது வீரத்தின் பெயர். வில்லனுக்கு நேர்ந்ததன் மறுதலை இங்கே நேர்ந்தது. வென்ற போராட்டம் சொல்லையும் மீட்டுத் தந்தது.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதி காரணமாக ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. சட்டம் வந்தும் கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாயிலில் மக்கள் போராட வேண்டியிருந்தது. சொற்களும் அவ்வாறே. சட்டத்தாலோ அகராதியாசிரியரின் திருத்தத்தாலோ மாத்திரம் அவற்றின் நஞ்சு நீங்காது. பறையை இன்று இளைஞரும் யுவதியரும் மேடையேறித் தலைநிமிர்ந்து முழக்குகின்றனர். அம்முழக்கம் தொடங்கிவைத்த மாற்றத்தை வாழ்க்கை நிறைவேற்ற வேண்டும்.

ஆங்கிலம் நமக்கு வேண்டியதே. அதன் சொற்களையும் மரபுத்தொடர்களையும் நம் பிள்ளைகள் கற்கத்தான் வேண்டும். கற்பிக்கும்போது 'ஸ்ட்ரைக்' என்னும் சொல்லுக்கு ஏழு பொருள் என்று கரும்பலகையில் எழுதுவதோடு நில்லாமல், அவற்றுள் ஒன்று தேம்ஸ் நதியிற் பசித்திருந்த மனிதர் தந்தது என்பதையும் கூறுவோம். அதனைக் கேட்ட பிள்ளை அப்பொருளை எளிதில் மறவாது. அதே பிள்ளை, தன் வீட்டிலும் தெருவிலும் வழங்கும் வசைச்சொற்கள் எவருடைய பெயர்கள் என்றும் ஒருநாள் கேட்கும். அக்கேள்விக்கு ஒளிக்காமல் விடை கூற நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.